டாக்டர் எழுதியதற்குப் பதில் வேறு கான்டாக்ட் லென்ஸ்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: மதுரைக் கிளையில் மாற்றிக் கொடுத்த லென்ஸ்

ஐயா,

கண் டாக்டர் எழுதியது: தினமும் மாற்றும் லென்ஸ், இரண்டு கண்ணுக்கும் பவர் -5.50, பேஸ் கர்வ் (லென்ஸின் உள்வளைவு, எண் சிறிதானால் வளைவு கூடும்) 8.6, விட்டம் 14.2. உங்கள் கிளை கொடுத்தது: மாத லென்ஸ், பவர் -6.00, பேஸ் கர்வ் 8.4, விட்டம் 14.0. ஸ்டாக் இல்லையாம். "எல்லாம் ஒண்ணுதான் சார், போகப் போகப் பழகிடும்" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

ஒன்றல்ல. -6.00 என்பது கண்ணாடிச் சீட்டில் உள்ள பவர். கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸோ கருவிழி மேலேயே உட்காருகிறது. பவர் 4.00ஐத் தாண்டினால் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். கண்ணாடியில் -6.00 என்றால் லென்ஸில் சுமார் -5.60தான் வரும், அதனால்தான் டாக்டரின் லென்ஸ் சீட்டில் -5.50. கூடுதல் பவரோடு கம்ப்யூட்டர் பார்த்தால் கண் ஓயாமல் சிரமப்பட்டுத் தலைவலி வரத்தான் செய்யும்.

பொருத்தம் அதைவிட மோசம். 8.4 என்ற எண்ணை மட்டும் வைத்து இறுக்கம் என்று சொல்லிவிட முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி மெட்டீரியல் மாறும். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால்தான் தெரியும். டாக்டர் பார்த்தார்: சிமிட்டும்போது லென்ஸ் அசையவே இல்லை, கழற்றியதும் வெள்ளைவிழியில் வட்டமாகத் தடம். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் சாஃப்ட் லென்ஸ் கால் மில்லிமீட்டராவது நகர வேண்டும். இல்லையென்றால் அடியில் உள்ள கண்ணீர் மாறாமல் தேங்கிவிடும்.

கவுன்டரில் கேட்ட ஒரே கேள்வி, "இப்ப உறுத்துதா?" இறுக்கமான லென்ஸ் அசையாததால் முதலில் சுகமாகவே இருக்கும், சாயங்காலம்தான் கண் சிவந்து காந்தும். உடனே உறுத்துவது தளர்ந்த லென்ஸ். கேட்டிருக்க வேண்டியது வேறு: தினம் எத்தனை மணி நேரம் போடுவீர்கள், ஏசியில் வேலையா, அலர்ஜி உண்டா, லென்ஸைச் சுத்தம் செய்து ஊற வைக்கும் சொல்யூஷனில் எது ஒத்துக்கொள்ளும்? லென்ஸ் டப்பாவில் பழைய சொல்யூஷன் மேலேயே புதியதை ஊற்றிக்கொள்ளலாம் என்று வேறு சொல்லியனுப்பினார். கிருமித்தொற்றைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் யோசனை அது.

பிரித்த பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லை என்கிறீர்கள். எழுதிய லென்ஸைக் கொடுத்திருந்தால் அந்த விதி செல்லும். முழுத் தொகையும் திரும்ப வேண்டும். சீட்டில் உள்ள அளவில் டிரையல் லென்ஸ் போட்டு, சில மணி நேரம் கழித்து உங்கள் ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வைப் பரிசோதகர்) மறுபடி பார்க்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் லென்ஸை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று கிளைக்கு எழுத்தில் உத்தரவு போடுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இணைப்பு: பில், டாக்டர் சீட்டு, லென்ஸ் பெட்டியின் படம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்