பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: இரண்டாம் பருவமும் அறிவியல் கண்காட்சியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. தேர்வு முடிவுகள் மனநிறைவு தருகின்றன. விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் மாணவர்கள் பரிசுகள் வாங்கி வந்தார்கள். சத்துணவுக் கூடத்தின் மேற்கூரை சரி செய்யப்பட்டுவிட்டது. மழை விடுமுறையில் விடுபட்ட பாடங்கள் சனிக்கிழமைகளில் நடத்தப்படும். உழைத்தவர்கள் அனைவருக்கும் பாராட்டுகள்.

அடுத்தது அறிவியல் கண்காட்சி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

'தொலைக்காட்சியின் தொடக்க காலம்' என்ற தலைப்பை அறிவியல் ஆசிரியர்கள் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்தார்கள். ஜனவரி 26 என்றால் நமக்குக் குடியரசு நாள். 1926-ல் அதே தேதியில் லண்டனின் ஃப்ரித் தெருவில், ஒரு வீட்டின் மாடி அறையில், ஜான் லோகி பெயர்டு என்ற ஸ்காட்லாந்துக்காரர் அறிஞர்கள் முன்னிலையில் அசையும் முகங்களைத் திரையில் காட்டினார். அந்தப் படத்தில் மொத்தம் 30 கோடுகள்தான். கண்ணும் மூக்கும் மங்கலாகத் தெரிந்தன. ஆனால் தெரிந்தன.

கண்காட்சி நாளன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர், பிரிட்டனில் 1957 பிப்ரவரி வரை மாலை 6 முதல் 7 மணி வரை ஒளிபரப்பையே நிறுத்தி வைத்திருந்தார்கள், பெற்றோர் சின்னக் குழந்தைகளைத் தூங்க வைப்பதற்காக அந்த ஏற்பாடு என்று விளக்கினார். தாய்மார்கள் பலர் கைதட்டினார்கள். அதை இங்கேயும் கொண்டுவர முடியுமா என்று ஒருவர் என்னிடமே கேட்டார். என் அதிகாரம் பள்ளிக் கேட்டோடு முடிந்துவிடுகிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இனிச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

மேசைகளில் இருந்த பெயர்டு தொலைக்காட்சி மாதிரிகளில் பெரும்பாலானவை மிக அழகானவை. வழவழப்பான தெர்மோகோல், வண்ண விளக்குகள், ஸ்விட்சைப் போட்டால் சுழலும் வட்டு. ஒரே வகுப்பில் மூன்று மாதிரிகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. மூன்றிலும் பெயர்டின் பெயர் ஒரே விதமாகப் பிழையாக அச்சாகியிருந்தது. ஒன்றின் அடியில் விலைச்சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டார்கள். வட்டில் துளைகள் ஏன் சுருள் வடிவில் இருக்கின்றன என்று நடுவர் கேட்டார். அந்த மாணவர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா பதில் சொன்னார், சரியாகத்தான் சொன்னார். ஆனால் அவர் எந்த வகுப்பு மாணவர் என்று நடுவர் கேட்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. வேலை முடிந்து களைத்து வந்து உட்காரும்போது, இரவு ஒன்பது மணிக்கு, "நாளைக்குள் மாதிரி வேண்டும்" என்று பிள்ளை வந்து நிற்கிறது. கடைத்தெருவில் அது தயாராகத் தொங்குகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பெரிதாகக் கொண்டுபோகும்போது நம் பிள்ளை வாடிய முகத்தோடு நிற்கக் கூடாது என்ற பாசமும் இருக்கிறது. பாசத்தில் குறை காண எனக்கு உரிமை இல்லை.

ஆனால் நாம் எந்தக் கருவிக்கு மாதிரி செய்கிறோம் என்பதைப் பாருங்கள். 1884-ல் பெர்லினில் பால் நிப்கோ என்ற மாணவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வட்டு அது. காட்சி முழுவதையும் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது. அதனால் சுழலும் வட்டின் ஒவ்வொரு துளையும் காட்சியின் ஒரு கீற்றை மட்டும் வருடிச் செல்கிறது. அடுத்த துளை சற்று உள்தள்ளி இருப்பதால் அடுத்த கீற்றை எடுக்கிறது. சுருள் அமைப்பின் காரணம் இவ்வளவுதான். அதைக் கையில் எடுத்த பெயர்டு ஹேஸ்டிங்ஸ் நகரில் தொடங்கிய வேலைக்குப் பயன்படுத்தியவை பழைய தொப்பிப் பெட்டி, தையல் ஊசிகள், சைக்கிள் விளக்கின் கண்ணாடி வில்லைகள், தேயிலைப் பெட்டி, அரக்கு, பசை. 1925 அக்டோபரில் ஒரு பொம்மையின் தலையைத் திரையில் தெளிவாகப் பார்த்ததும் மாடியிலிருந்து ஓடி, கீழே வேலை செய்துகொண்டிருந்த வில்லியம் டெய்ன்டன் என்ற இளைஞரைக் கூட்டி வந்து கருவியின் முன் உட்கார வைத்தார். விளக்குகளின் சூடு தாங்காமல் எழப்போனவரை அரை கிரவுன் நாணயம் கொடுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. இந்தக் கதையை விளக்கும் மேசையில் கடையில் வாங்கிய மாதிரி இருப்பது எனக்கு உறுத்துகிறது.

மூலையில் ஒரு மேசை இருந்தது. அதைப் பலர் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் காலண்டர் அட்டையை வட்டமாக வெட்டி, காம்பஸ் முனையால் 16 துளைகள் போட்டு, பொம்மைக் காரிலிருந்து கழற்றிய மோட்டாரில் மாட்டியிருந்தார். வட்டு ஆடியது, சத்தமும் போட்டது. அதன் வழியே பார்த்தால் பின்னால் விளக்கொளியில் வைத்திருந்த 'அ' என்ற எழுத்து தெரிந்தது, நடுவே ஒரு கறுப்புக் கோட்டுடன். கோடு ஏன் என்று கேட்டேன். "ஒன்பதாவது துளை கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது ஐயா, அந்த இடத்தை எந்தத் துளையும் பார்க்கவில்லை" என்றார். நிப்கோ வட்டைப் பற்றி அன்று நான் கேட்டதிலேயே சிறந்த விளக்கம் அது.

இந்த வட்டு இன்று ஏன் புழக்கத்தில் இல்லை என்ற கேள்விக்கும் அவர்தான் பதில் வைத்திருந்தார். 1936 நவம்பர் 2-ல் பி.பி.சி. அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியபோது, பெயர்டின் வட்டு சுழலும் 240 கோட்டு முறையையும் மார்க்கோனி-இ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 கோட்டு மின்னணு முறையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தார்கள். சில மாதங்களிலேயே பெயர்டின் முறை கைவிடப்பட்டது. கடையில் வாங்கிய மாதிரிகளின் விளக்க அட்டைகளில் இந்தத் தோல்வி இல்லை.

ஆசிரியர் அறையில் அதிகம் பேசப்பட்டது ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த்தின் கதை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பள்ளியில் படித்தபோதே, மின்னணு முறையில் படம் அனுப்பும் யோசனையை வேதியியல் ஆசிரியர் ஜஸ்டின் டோல்மனுக்கு வரைந்து காட்டினார். 1927 செப்டம்பர் 7-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே ஒரு கோட்டின் படத்தை அனுப்பிக் காட்டினார். பிறகு ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க வானொலி நிறுவனத்துடன் காப்புரிமைத் தகராறு வந்தபோது, டோல்மன் அந்தப் பழைய படத்தை நினைவிலிருந்து வரைந்து சாட்சி சொன்னார். 1934-ல் முடிவு ஃபார்ன்ஸ்வொர்த்துக்குச் சாதகமாக வந்தது. அந்தப் படத்தை அப்பா வரைந்து கொடுத்திருந்தால் ஆசிரியருக்கு நினைவில் வைத்துக்கொள்ள என்ன இருந்திருக்கும்?

ஆகவே, கண்டிப்பாகவே சொல்கிறேன். அடுத்த பருவத்திலிருந்து கடையில் வாங்கிய மாதிரிகள் பரிசுக்கு எடுத்துக்கொள்ளப்பட மாட்டா. பெற்றோர் விளக்கினால் அந்த மேசைக்கு மதிப்பெண் கிடையாது. பரிந்துரைக்காக யாரும் என் அறைக்கு வர வேண்டாம். மின்இணைப்பு, கத்தி, சூடான பசை ஆகியவற்றுக்கு மட்டும் பெரியவர்கள் பக்கத்தில் இருங்கள். 1924-ல் பெயர்டுக்கே ஆயிரம் வோல்ட் மின்சாரம் தாக்கிக் கை வெந்தது. எங்கள் பங்குக்குத் தலைப்பை மூன்று வாரம் முன்பே டைரியில் எழுதி அனுப்புவோம்.

செலவில்லாமல் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒன்று. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் தன் பாட்டியிடம் கேட்டு நான்கு பக்கம் எழுதி வந்தார். 1975-லேயே சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்துவிட்டாலும், நம் கடற்கரை ஊர்களில் 1982-க்குப் பிறகு பலர் முதலில் பார்த்தது இலங்கையின் ரூபவாகினியைத்தான். மொட்டை மாடியில் ஒருவர் ஆண்டெனாக் கம்பத்தைத் திருப்ப, கீழே ஒருவர் "தெரிகிறது, தெரிகிறது" என்று கத்தியதை அப்படியே எழுதியிருந்தார். சிறப்புப் பரிசு அவருக்குத்தான். பாட்டிக்கு எங்கள் வணக்கம்.

கண்காட்சிக்கு நேரம் ஒதுக்கி வந்தவர்கள், நாற்காலி தூக்கி உதவியவர்கள், மோர் கொடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் ஆதரவு இல்லாமல் இந்தப் பள்ளியில் எதுவும் நடப்பதில்லை. மாதிரிகளை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆய்வகத்தில் இடமில்லை, தெர்மோகோலை எலி கடிக்கிறது. காலண்டர் அட்டை வட்டை மட்டும், அந்த மாணவரின் சம்மதத்தோடு, நாங்கள் வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்