சிக்னலைத் தாண்டிய 75 மீட்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் நெரிசல் என்றதும் மேம்பாலம் கேட்கிறோம். முதலில் சீர்செய்ய வேண்டியது சிக்னலைத் தாண்டிய உடனே வரும் 75 மீட்டரை. பச்சை விழுந்தபின் ஒரு தடத்தில் சுமார் 2 விநாடிக்கு ஒரு கார் நிறுத்தக் கோட்டைக் கடக்கும். 60 விநாடிப் பச்சையில் இரண்டு தடங்களில் ஏறக்குறைய 60 கார்கள் போகலாம். ஆனால் அந்தப் பக்கம் ஒரு தடத்தை ஆள் ஏற்றும் ஷேர் ஆட்டோவும், ஓரமாக ஒதுங்க இடமில்லாத பேருந்தும் பிடித்துக்கொண்டால், 30தான் போகும். மிச்ச வண்டிகளின் வால் நீண்டு பின்னாலுள்ள சந்திப்பையும் அடைக்கும். அங்கே குறுக்குச் சாலைக்குப் பச்சை விழுந்தாலும் யாரும் நகர முடியாது. பச்சை நேரத்தை நீட்டினால் குறுக்குச் சாலையின் வரிசைதான் வளரும்.

பேருந்து நிறுத்தத்தைச் சந்திப்பிலிருந்து 75 மீட்டராவது தள்ளி வையுங்கள். அந்த நிறுத்தம் வரை தடையில்லாமல் நடக்க நடைபாதையும் வேண்டும். இல்லையென்றால் மக்கள் பழைய இடத்திலேயே நின்று கைகாட்டுவார்கள், ஓட்டுநரும் நிறுத்துவார். மறுபக்கம் இடமிருந்தால் மட்டுமே நுழைய வேண்டிய மஞ்சள் கட்டம், டயர் தேய்ந்து அழிந்து கிடக்கும் சந்திப்புகளில் உடனே மறுபடி வரையப்பட வேண்டும்.

– ஒரு வாசகர், சென்னை