சாக்கை நனைத்த கைகளுக்கு

பெர்லினில் பழைய பீர் ஆலையாக இருந்து இன்று கலை வளாகமாக இருக்கும் குல்டூர்பிரவரையின் நிலவறைச் சுவருக்காக ஓடிவந்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்கே தெரியும்: ஈரம் ஏறி உப்புப் பூத்த சுவரில் சிமெண்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து நிரப்பினோம். சுவர் நிற்கிறது. நேற்று தடவிப் பார்த்தபோது கையில் உப்புத்தூள் ஒட்டவில்லை. இந்த நிம்மதியிலேயே எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி, பெயர் போட வேண்டாமென்ற ஓய்வுபெற்ற கொத்தனார் ஐயாவுக்கு. யாரும் அழைக்காமலே வந்தார். செங்கல் இடுக்கை ஆணியால் கீறிப் பார்த்து, "இது சிமெண்ட், முதலில் இதை எடுங்கள்" என்றார். செங்கல்லைவிடச் சாந்து இறுகிவிட்டால், உள்ளே புகுந்த ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். கூடவரும் உப்பு மேற்பரப்பின் பின்னால் படிகமாகும். பனிக்காலத்தில் நீர் உறைந்து விரியும். செங்கல்லின் முகம் ஏடு ஏடாக உரியும்.

அரவை மெஷினைத் தொடவிடவில்லை, அது செங்கல் விளிம்பைத் தின்றுவிடும். சுத்தியலும் உளியுமாக 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, தூசி தட்டி, நீர் தெளித்து, நீரில் இறுகும் சுண்ணாம்பு ஒரு பங்குக்குக் கூர்மணல் இரண்டரைப் பங்கு கலந்து இடுக்கில் நிரப்பினோம். ஒரே மூச்சில் நிரப்பினால் வெடிப்பு விழும். அதனால் இரண்டு அடுக்கு. குளிர் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வேலையே இல்லை.

இதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அதன் பிறகு ஏழு நாளும் விடியற்காலையில் வந்து, சுவரில் தொங்கிய சணல் சாக்கை அவரே நனைத்துவிட்டுப் போனார். சுண்ணாம்பு அவசரமாகக் காய்ந்தால் இறுகாமல் மாவாகிவிடும். சாந்து பூச ஆள் கிடைக்கும். சாக்கு நனைக்க யார் வருவார்?

நாற்காலிகளைத் தூக்கியவர்கள், ஈரம் உறிஞ்சும் கருவியைக் கேட்ட மாத்திரத்தில் தந்தவர், இரவெல்லாம் சாவியோடு காத்திருந்தவர், சூப் கொண்டுவந்த பக்கத்து முற்றத்தார் எல்லோருக்கும் சேர்த்து நன்றி.

இந்த வளாகம் நிற்கும் பிரென்ட்ஸ்லவர் பெர்க் மேட்டில் நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கிறது. பீரைக் குளிரில் வாரக்கணக்கில் வைக்க ஆழமான நிலவறை வேண்டும் என்பதால்தான் காய்ச்சுவோர் இந்த மேட்டைத் தேடி வந்தார்கள். ஷுல்டைஸ் பீர் ஆலைக்காகக் கட்டடக் கலைஞர் ஃபிரான்ஸ் ஷ்வெஹ்டன் எழுப்பிய மஞ்சளும் சிவப்புமான கட்டடங்கள் இவை. 1967இல் காய்ச்சுவது நின்றது. 1974இல் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. ஆறு முற்றங்கள், சுமார் 25,000 சதுர மீட்டர். பீர் போன பிறகும் பாட்டும் திரைப்படமும் அருங்காட்சியகமும் இங்கே குடியேற முடிந்ததென்றால், சுவர்கள் தாங்கியதால்தான்.

இனி எங்கள் பொறுப்பிலுள்ள எந்தச் சுவரிலும் சிமெண்ட் படாது. மீந்த அரை மூட்டைச் சுண்ணாம்பை வாய்கட்டி, தரையில் படாமல் பலகைமேல் வைத்திருக்கிறோம். ஈரம் பட்டால் கல்லாகிவிடும்; தேவைப்படுவோர் மழைக்கு முன் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.