ஐடிஇ மாணவருக்கு ஆதரவு கல்லூரி வாசலோடு நின்றுவிடக்கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரின் தொழில்நுட்பக் கல்விக் கழக (ஐடிஇ) மாணவர்களின் மனநலத்தைப் பற்றிப் பேசினால் ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்கிறோம். அவர்களின் வேலையைப் பற்றிப் பேசினால் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். மின்தூக்கிப் பராமரிப்புத் துறையில் மேற்பார்வையாளராக இருந்து, வேலைப் பயிற்சிக்கு வரும் ஐடிஇ மாணவர்களை ஆண்டுதோறும் பார்ப்பவன் என்ற முறையில், இவ்விரண்டையும் வெவ்வேறு விஷயங்களாக நடத்துவதில்தான் குறை இருக்கிறது என்று கருதுகிறேன்.

அண்மையில் எங்களிடம் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் வேலையில் கெட்டிக்காரர். பிற்பகலானால் மட்டும் அவருக்குக் கண் சொருகும். மின்தூக்கிக் குழிக்குள் இறங்குபவர் அரைத் தூக்கத்தில் இருப்பது உயிருக்கே ஆபத்து என்பதால் அவரைத் தனியாக அழைத்து விசாரித்தேன். இரவில் ஹோட்டல் விருந்து மண்டபத்தில் தட்டுகளைச் சுமந்துவிட்டுக் கடைசிப் பேருந்தில் வீடு திரும்புவதாகவும், அந்தப் பணம் வீட்டு மின்கட்டணத்துக்குப் போவதாகவும் சொன்னார். எங்கள் நிறுவனத்தின் மதிப்பீட்டுப் படிவத்தில் நேரந்தவறாமை, பாதுகாப்பு, கருவிகளைக் கையாளும் திறன் என எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. இதை எழுத இடமில்லை, எழுதினாலும் யாரிடம் சேர்ப்பது என்பதும் தெளிவாக இல்லை.

அமெரிக்காவில் ஈராண்டுப் படிப்பு தரும் சமூகக் கல்லூரிகளில் பயில்வோரிலும் இப்படி வேலையையும் படிப்பையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு ஓடுபவர்கள் ஏராளம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமூகக் கல்லூரிகளில் 2007ஆம் ஆண்டு ‘ஏசேப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. கட்டணத்தில் விழும் துண்டு, பாடநூல் செலவு, பேருந்துக்கும் ரயிலுக்குமான இலவச அட்டை, தவறாமல் சந்திக்கவேண்டிய ஆலோசகர், வேலைவாய்ப்பு வழிகாட்டல் என அனைத்தையும் அது ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தது. மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வில், திட்டத்தில் இருந்தோரில் 40 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றனர். மற்றவர்களில் 22 விழுக்காட்டினரே பெற்றனர். பயண அட்டையும் படிப்பு உதவிதானா என்று ஏளனம் செய்பவர்கள் இந்த எண்களைப் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் பண உதவிக்குப் பஞ்சமில்லை. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் உதவிநிதி இருக்கிறது. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட ஐடிஇ முன்னேற்ற விருது, 30 அல்லது அதற்கும் குறைந்த வயதுள்ள ஐடிஇ பட்டதாரிகள் பட்டயக் கல்வியில் சேரும்போது அவர்களின் கல்விக் கணக்கில் 5,000 வெள்ளியும், பட்டயம் பெற்றபின் மத்திய சேம நிதிச் சாதாரணக் கணக்கில் 10,000 வெள்ளியும் செலுத்துகிறது. கல்லூரிக்குள் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாணவர் வேலையிடத்துக்குப் போகும் மாதங்களில் அவரை அறிந்த பெரியவர் எவரும் அவர் அருகில் இருப்பதில்லை.

ஆண் பிள்ளைகளுக்கு இன்னும் நீண்ட இடைவெளி ஒன்று உண்டு. படிப்பு முடிந்ததும் ராணுவம் முதலியவற்றில் ஈராண்டு தேசிய சேவைக்குப் போகிறார்கள். அது கட்டாயக் கடமை, அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. திரும்பி வரும்போதோ கற்ற கைத்திறன் மங்கியிருக்கிறது, பழகிய மேற்பார்வையாளர் வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கிறார், கல்லூரியின் பொறுப்பும் முடிந்துவிட்டது. அப்போது கைக்கெட்டுவது உணவு விநியோக வேலைதான். அது இழிவான வேலை என்று சொல்ல வரவில்லை. அதற்காகத்தான் மின்னியல் படித்தார்களா என்பதே என் கேள்வி.

எனவே, படிப்பின்போது மாணவரை அறிந்த ஆலோசகர் ஒருவரே வேலைப் பயிற்சியின்போதும், தேசிய சேவை முடியும் தறுவாயிலும், முதல் வேலையின் முதல் ஆண்டிலும் அவரோடு தொடர்பில் இருக்க ஏற்பாடு வேண்டும். பயிற்சி தரும் நிறுவனங்களிடம் அந்த ஆலோசகரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். சிண்டா போன்ற அமைப்புகள், துணைப்பாட வகுப்புகளுக்குத் தொண்டூழியர்களைத் திரட்டுவதுபோல், தொழிற்கூடங்களில் பல்லாண்டு அனுபவமுள்ள நம் தொழில்நுட்பர்களையும் இந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளாக அழைக்கலாம். அழைத்தால் வர நானும் என் சக ஊழியர்கள் சிலரும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மின்தூக்கிப் பராமரிப்பு மேற்பார்வையாளர்,
ஈசூன்