கொக்குகளை விரட்டலாம், வதைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு மரத்தில் கொக்கும் நீர்க்காகமும் கூட்டமாக வந்து அடைந்தால் என்ன பாடு என்பது எனக்குத் தெரியும். எங்கள் வாசற்படி, துணிக்கொடி எல்லாம் எச்சம். சகிக்க முடியாத மீன் வாடை. சரி, அவை உட்காராமல் இருக்கச் சிலர் செய்வதுபோல் ஒட்டுப்பசை தடவுவதா? பசையில் சிக்கிய பறவை இறகு பிய்ந்து, பறக்க முடியாமல் துடித்துச் சாகும். என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது நேரம்தான். அவை அடைய வரும் அந்தியில் கை தட்டி, தண்ணீரைப் பீய்ச்சி, உட்காரவிடாமல் செய்தோம். இடம் பழகுவதற்குள் தொடங்கிவிட வேண்டும், பழகிவிட்டால் பெரும்பாடு. ஆந்தை பொம்மை ஒரே இடத்தில் இருந்தால் பயம் சீக்கிரம் தெளிந்துவிடும், அடிக்கடி இடம் மாற்றுங்கள். சுவர் விளிம்பில் 45 பாகைக்கு மேல் சாய்த்துப் பலகை பொருத்தினால் கால் ஊன்றாது. பறவை நுழையாமல் வலை போட்டால் அதை இழுத்துக் கட்டுங்கள்; தொய்ந்த வலையில் பறவை சிக்கிச் சாகும்.

கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் தயவுசெய்து கிளையைத் தொடாதீர்கள். குஞ்சுகள் பறந்த பிறகு கழித்துக்கொள்ளலாம். அப்புறம், காய்ந்த எச்சத்தைப் பெருக்காதீர்கள். அதில் வளரும் பூஞ்சை தூசியோடு நுரையீரலுக்குள் போகும். நனைத்து, முகக்கவசம் அணிந்து கழுவுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்