மார்க் டோபியை ஒரே வரியில் அடக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்க அரூப ஓவியம் பற்றிய கட்டுரை, அமெரிக்க ஓவியர் மார்க் டோபியை (1890–1976) 'ஜென் ஓவியர்', அதாவது தியானத்தை முதன்மையாகக் கொண்ட பௌத்தப் பிரிவைச் சார்ந்தவர், என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, மீதி இடத்தை இன்னொரு அமெரிக்க ஓவியரான ஜாக்சன் பொலாக்குக்கே கொடுத்திருந்தது. அந்த ஒரு வரியும் பொருந்தவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

டோபி 1918-லேயே பஹாய் சமயத்தைத் தழுவியவர். டெல்லியில் தாமரைக் கோயிலை எழுப்பிய, மனித குலம் ஒன்றே என்று வற்புறுத்துகிற அதே சமயம்தான். சீனத் தூரிகையை அவருக்குப் பழக்கியவர் 1920-களில் சியாட்டிலில் படித்துக்கொண்டிருந்த ஓவியர் தெங் குய். 1934-இல் ஷாங்காய் சென்று அந்த நண்பரைச் சந்தித்த டோபி, பின்னர் கியோட்டோவில் ஒரு ஜென் மடத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கித் தூரிகை எழுத்தும் தியானமும் பயின்றார். அந்த மாதம் அவர் கையை மாற்றியது உண்மை. அதற்காக, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் கடைப்பிடித்த சமயத்தை மறைத்துவிட்டு வேறு பட்டம் சூட்டுவது முறையாகாது.

தாம் ஓவியம் கற்பித்துவந்த இங்கிலாந்தின் டார்ட்டிங்டன் ஹால் கல்விக்கூடத்துக்குத் திரும்பியதும் அவர் வரைந்த 'பிராட்வே' ஓவியத்தைப் பாருங்கள். நியூயார்க் வீதியின் விளக்குகளும் கட்டடங்களும் கூட்டமும், எழுதுகிற வேகத்தில் இழுக்கப்பட்ட மெல்லிய வெள்ளைக் கோடுகளாகப் பின்னிக் கிடக்க, கண் நிலைகொள்ள ஒரு மையம்கூடக் கிடைப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் எவரும் எவரையும்விடப் பெரியவராகத் தெரியாததில் எனக்கு பஹாய் கொள்கையே தெரிகிறது. பிந்தைய படைப்புகள் பலவற்றில் வீதியும் மறைந்து, எந்த மொழியிலும் வாசிக்க முடியாத அந்த 'வெள்ளை எழுத்து' மட்டுமே எஞ்சியது.

இவ்வகை ஓவியங்களை அவர் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தது 1944-இல். பொலாக் தரையில் துணி விரித்து வண்ணம் சொட்டவிட்டு, இதேபோல் மையமில்லாத ஓவியங்களைப் படைக்கத் தொடங்கியது 1947-இல். யார் யாரைப் பின்பற்றினார் என்ற வழக்கில் நான் இறங்கவில்லை. பொலாக்கின் 'இலையுதிர் தாளம்' 17 அடி அகலம். அது இருக்கும் அதே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள டோபியின் 'பிராட்வே' இரண்டடி உயரத்தைச் சற்றே தாண்டுகிறது. இந்த அளவு வேறுபாடுதான் விமர்சகர்கள் பலரின் கண்ணை மறைத்தது என்பது என் கருத்து. 1958-இல் வெனிஸ் பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் ஓவியத்துக்கான பரிசு டோபிக்குக் கிடைத்ததையாவது கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

அடுத்த இதழில் டோபியைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். படத்தை மட்டும் வழவழப்பான வண்ணப் பக்கத்தில் அச்சிடுங்கள். சாதாரண செய்தித்தாளில் அந்தக் கோடுகள் மையில் மூழ்கிவிடும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்