கேஷுவாலிட்டிக்கு போனவன் எல்லாம் செத்தவன் இல்லீங்க: வினாத்தாள் நிபுணர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிபுணர் குழு ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

எந்த கேள்வின்னு உங்களுக்கே தெரியும், ஆட்சேபணை நிறைய வந்திருக்கும். முதல் உலகப்போர், பிரான்ஸ்ல நடந்த சோம் சண்டை, 1916 ஜூலை 1. தமிழ்ல நீங்க அச்சடிச்சது "முதல் நாளில் உயிரிழந்த பிரிட்டிஷ் வீரர்களின் எண்ணிக்கை". பக்கத்துலயே இங்கிலீஷ்ல இருக்கிறது கேஷுவாலிட்டீஸ், அதாவது செத்தவங்க, காயம்பட்டவங்க, காணாம போனவங்க, பிடிபட்டவங்க எல்லாரும் சேர்ந்த கணக்கு. ஆப்ஷன்ல 19,240-ம் இருக்கு, 57,470-ம் இருக்கு. உங்க ஆன்சர் கீல சரியான விடைன்னு போட்டிருக்கிறது 57,470.

நான் ஒரு நூலக மாடில சாயங்காலம் இலவசமா க்ளாஸ் எடுக்கிறவ. எங்ககிட்ட படிக்கிற ஒரு பொண்ணு, பேரு வேண்டாம், பகல்ல தையல் கம்பெனில வேலை, ஆறரை பஸ்ஸை புடிச்சு ஏழு மணிக்கு வந்து சேருவா, டிபன் பாக்ஸை ஜன்னல் திட்டுல வச்சிட்டு நேரா நோட்டை பிரிப்பா. இந்த சோம் கணக்கை கம்பெனில தூக்கிப்போட்ட ஒரு பில்லு பின்னாடி எழுதி வச்சிருந்தா, நானே பார்த்தேன். செத்தவங்க 19,240, காயம்பட்டவங்க 35,493, காணாம போனவங்க 2,152, பிடிபட்டவங்க 585. கீழ கோடு போட்டு கூட்டி 57,470, பக்கத்துல டிக். "அக்கா, ரெண்டு தடவை கூட்டிட்டேன், சரியா வருது"ன்னா. பரீட்சைல "உயிரிழந்த"ன்னு படிச்சா, 19,240-ஐ குறிச்சா. கட் ஆஃப்ல அந்த ஒரே ஒரு கேள்வில போச்சு.

அவ பக்கத்து பெஞ்ச் பையன் இங்கிலீஷ் மீடியம், கேஷுவாலிட்டீஸ்னு படிச்சு 57,470 போட்டான், மார்க் வாங்கிட்டான். அவன் மேல எந்த தப்பும் இல்ல, அவன் படிச்ச கேள்விக்கு அதுதான் பதில். இவ படிச்ச கேள்விக்கு இவ எழுதினதுதான் பதில். ஒரே ஹால்ல ஒரே நம்பர் போட்ட கேள்விக்கு ரெண்டு பேரும் சரியா எழுதியிருக்காங்க, மார்க் மட்டும் ஒருத்தருக்கு.

ஆட்சேபணைக்கு பணம் கட்டினோம், ஆதாரம் ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக்கி ஏத்தினோம், அதுக்கே ப்ரவுசிங் சென்டர்ல ஒரு மணி நேரம் ஆச்சு, ஃபைல் சைஸ் பெருசுன்னு நாலு தடவை தள்ளிவிட்டுச்சு. உங்ககிட்டேர்ந்து வந்த பதில் ஒரே வரி, "நிபுணர் குழு பரிசீலித்ததில் விடை சரியே". போன்ல கேட்டா, முதல் பக்கத்துலயே போட்டிருக்கோமே, சந்தேகம் வந்தா ஆங்கில வடிவம்தான் இறுதின்னு சொல்றாங்க. அவளுக்கு சந்தேகமே வரலையே சார்! உயிரிழந்தன்னு அவ்வளவு தெளிவா போட்டிருக்கீங்க, அதுல என்னன்னு சந்தேகப்படுவா?

கேஷுவாலிட்டின்னா என்னன்னு தெரிய பெரிய டிக்‌ஷனரி எல்லாம் வேண்டாம், நம்ம ஜிஹெச்சுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. வாசல்லயே போர்டு இருக்கும். கால்ல ஆணி குத்தினவன், பைக்ல விழுந்து முட்டி சிராய்ச்சவன் எல்லாம் அந்த கதவுக்குள்ள போய் ஊசி போட்டுக்கிட்டு, வெளிய வந்து டீ குடிச்சிட்டு பஸ் ஏறிடுறான். உங்க தமிழ்ப்படி பார்த்தா அவன் எல்லாம் மார்ச்சுவரிக்குத்தான் போகணும்.

ராணுவத்துல அந்த வார்த்தை தளபதியோட கணக்கு. நாளைக்கு காலைல துப்பாக்கி தூக்க எத்தனை பேர் இல்லைங்கிறது. செத்தவனும் வரமாட்டான், கை போனவனும் வரமாட்டான், எதிரி கூட்டிட்டு போனவனும் வரமாட்டான், அவ்வளவுதான். அதே ஜூலை 1 அன்னிக்கு, அதே சண்டைல, போமான் ஹாமெல்ங்கிற கிராமத்துகிட்ட, இப்ப கனடாவுல இருக்கிற நியூஃபவுண்ட்லாந்துலேர்ந்து வந்த ரெஜிமென்ட் ஏறக்குறைய 800 பேர் பதுங்குகுழியை விட்டு எழுந்து நடந்தாங்க, அரை மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சுது. மறுநாள் பேர் கூப்பிட்டப்போ "இருக்கேன்"னு சொன்னது 68 பேர். நம்ம கைடு போடுறவங்க கைல இது கிடைச்சா 730 பேர் மரணம்னு போட்டுடுவாங்க. ஆனா அதுல 386 பேர் காயம்பட்டவங்க. அடிபட்டு ஆஸ்பத்திரில கிடந்தவனை, குணமாகி மறுபடி சண்டைக்கே போனவனைக்கூட நீங்க ஒரு பேனாவால சாகடிக்கிறீங்க.

இது ஒரு நாள் கணக்கு. மொத்த போருக்கும் போனா கூத்து இன்னும் பெருசு. அமெரிக்க போர்த்துறையோட பழைய அட்டவணை ஒண்ணு எல்லா கைட்லயும் இருக்கும், பிரான்ஸ் திரட்டினது 84 லட்சம் பேர், கேஷுவாலிட்டி 61 லட்சத்து சொச்சம், 73 சதவீதம். அதை தமிழ்ல 61 லட்சம் பேர் பலின்னு போட்டு அச்சடிச்சிருக்காங்க. அதே அட்டவணைல செத்தவங்க தனியா போட்டிருக்கு, 13 லட்சத்து 57 ஆயிரம் சொச்சம். காயம் 42 லட்சத்து 66 ஆயிரம், அதுவும் அத்தனை ஆளுங்க இல்ல, ஒரே ஆள் மூணு தடவை அடிபட்டா மூணு காயம். பக்கத்து கட்டத்தை பார்க்க அரை நொடி ஆகுமா?

ரெண்டு படையை ஒப்பிடுறதுன்னா அது இன்னொரு வம்பு. "எந்த நாட்டுக்கு இழப்பு அதிகம்"னு ஒரு கேள்வி வருஷா வருஷம் வைக்கிறீங்க. மொத்த சோம் சண்டைல கேஷுவாலிட்டி பிரிட்டிஷ் பக்கம் 4 லட்சத்து 20 ஆயிரம், பிரெஞ்சு பக்கம் 2 லட்சத்துக்கு மேல, இதுல பெருசா தகராறு இல்ல. ஜெர்மன் பக்கம்? 4 லட்சத்து சொச்சத்துலேர்ந்து 6 லட்சத்து 80 ஆயிரம் வரைக்கும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஏன்னா லேசா அடிபட்டு கட்டு போட்டுக்கிட்டு யூனிட்லயே இருந்தவனை ஜெர்மன்காரன் கணக்குல எழுதல, பிரிட்டிஷ்காரன் எழுதினான்னு ஒரு வாதம். அதை வச்சு பிரிட்டிஷ் அரசு வரலாற்றாசிரியர் எட்மண்ட்ஸ் ஜெர்மன் எண்ணிக்கையை தூக்கிவிட்டார், பின்னாடி வந்தவங்க பலர் அதை ஒத்துக்கல. நூறு வருஷமா முடியாத பஞ்சாயத்தை நீங்க நாலு ஆப்ஷன்ல, ஒரு நிமிஷத்துல முடிச்சு வைக்கிறீங்க. உங்களுக்கு கோயில் கட்டணும்.

படை பலமும் அதே கதைதான். ரேஷன் ஸ்ட்ரெங்த்னு, அதாவது படைல சாப்பாடு போட வேண்டிய எல்லா தலையையும் எண்ணுறது ஒண்ணு, துப்பாக்கி புடிச்சு நிக்கிறவன் கணக்குன்னு இன்னொண்ணு. ரேஷன் கணக்குல சமையல்காரன், கோவேறு கழுதை ஓட்டுறவன், தபால் பிரிக்கிறவன் எல்லாரும் உண்டு. நம்ம வீட்டு ரேஷன் கார்டுல தாத்தா பேரும் கைக்குழந்தை பேரும் இருக்கு, அதுக்காக அஞ்சு பேரும் மூட்டை தூக்குவோம்னு அர்த்தமா? ஒரு பக்கத்துக்கு ரேஷன் கணக்கையும் இன்னொரு பக்கத்துக்கு துப்பாக்கி கணக்கையும் எடுத்து வச்சு "மூணு மடங்கு பெரிய படை"ன்னு யூட்யூப்ல தம்ப்நெயில் போடுறாங்க, சிவப்பு அம்புக்குறி வேற. அவங்க வியூஸுக்கு பண்றாங்க, விடுங்க. நீங்க எதுக்கு பண்றீங்க?

கோவத்துல எங்கேயோ போயிட்டேன், மன்னிக்கணும்.

வேலூர் பழைய மணிக்கூண்டுல ஒரு கல்வெட்டு இருக்கு, பார்த்திருப்பீங்க. இந்த ஊர்லேர்ந்து 277 பேர் அந்த பெரிய யுத்தத்துக்கு போனாங்க, அதுல 14 பேர் உயிரை விட்டாங்கன்னு வெள்ளைக்காரன் ரெண்டு நம்பரையும் தனித்தனியா செதுக்கி வச்சிட்டு போயிருக்கான். போனவன் வேற, செத்தவன் வேறன்னு அந்த கல்லுக்கு தெரிஞ்சிருக்கு.

நான் கேக்கிறது ரொம்ப சின்னது. ஒண்ணு, கேஷுவாலிட்டீஸை உயிரிழப்புன்னு போடாதீங்க, ஆட்சேதம்னு போடுங்க, இல்ல "இறந்தோர், காயமடைந்தோர், காணாமல் போனோர், பிடிபட்டோர்"னு நீளமாவே போடுங்க, பேப்பர் செலவு ஆனா நாங்க தரோம். இன்னொண்ணு, இந்த கேள்விக்கு தமிழ்ல படிச்சு 19,240 போட்ட எல்லாருக்கும் மார்க் குடுங்க. இங்கிலீஷ்ல எழுதினவங்க மார்க்கை புடுங்க சொல்லல, அவங்களுக்கும் இருக்கட்டும். தமிழ்ல கேட்ட கேள்விக்கு தமிழ்ல பதில் சொன்னவளுக்கு மார்க் குடுங்கன்னுதான் கேக்கிறேன்.

முடியலைன்னா, தயவுசெஞ்சு ஒரு விளக்கமாவது குடுங்க. திங்கட்கிழமை அவ மறுபடி வருவா, அந்த பில்லு இன்னும் நோட்டுக்குள்ளதான் இருக்கு. அடுத்த தேர்வுக்கு இதை எப்படி படிக்கணும் அக்கான்னு கேட்டா, நடந்ததை சொல்லித்தரவா, உங்க கீயை சொல்லித்தரவா?

பணிவுடன்,
நூலக மாடி க்ளாஸ் அக்கா

பி.கு.: அதே கேள்வில "சோம் நகரப் போர்"னு போட்டிருக்கீங்க. சோம் ஒரு ஆறு. அதுக்கு தனியா பணம் கட்டி ஆட்சேபணை போடணுமா, இல்ல இதுலயே சேர்த்துக்குவீங்களா?